உச்சியில்லாத கதை

கதையில் முக்கியமான இடத்தை உச்சக்கட்டம் என்கிறோம். அந்தச் சொல்லிலேயே ஒரு மலை இருக்கிறது. அடிவாரத்தில் புறப்பட வேண்டும். சரிவில் மூச்சு வாங்க ஏற வேண்டும். உச்சியில் சற்றே நிற்க வேண்டும். பிறகு மளமளவென்று இறங்கி வீடு வந்து சேர வேண்டும். நாவல் எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்குப் பழகிப்போன வழி இது. நாவலுக்கு இந்த வழி எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தனி விவகாரம். மலைக்கே இது பொருந்துவதில்லை என்பது என்னுடைய அபிப்பிராயம். மலைகளில் நாட்கணக்காக நடந்தவர்கள் எழுதிய புத்தகங்களைத் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அவற்றில் பலவற்றைப் படித்து முடித்ததும் ஒரு அதிருப்தி மிஞ்சுகிறது. அதற்குக் காரணம் இந்தக் கதைப்போக்குதான்.

முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத மலைத்தொடர் ஒன்றில் ஐந்தாறு நாள் நடப்பவனுடைய பொழுது எதில் கழிகிறது? காலையில் ஈரக் கூடாரத்தை உதறி மடிப்பதில் கழிகிறது. ஓடையைத் தாண்ட இடம் தேடுவதிலும், மேகம் இறங்குமா விலகுமா என்று அண்ணாந்து பார்ப்பதிலும், பூட்ஸ் கடித்த குதிகாலுக்குத் துணி சுற்றுவதிலும் கழிகிறது. இன்னும் எத்தனை வேளைக்கு ஆகாரம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். இருட்டுவதற்குள் படுக்கச் சமதரை கண்டுபிடிக்க வேண்டும். சிகரத்தின்மேல் நிற்பது அரைமணி நேரம் இருந்தால் அதிகம். அங்கே அடிக்கிற காற்று அதற்குமேல் நிற்கவிடாது. ஆனால் ஊர் திரும்பிப் புத்தகம் எழுத உட்கார்ந்ததும் அந்த அரைமணி மற்ற எல்லா நாட்களையும் விழுங்கிவிடுகிறது.

இதற்குப் பிரபலமான உதாரணம் மாரிஸ் ஹெர்ஸாக் எழுதிய 'அன்னபூர்ணா'. 1950 ஜூன் 3-ஆம் தேதி ஹெர்ஸாகும் லூயி லாஷெனாலும் 8,091 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் போய் நின்றார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரத்தில் மனிதன் கால் வைத்தது அதுவே முதல் தடவை. பனி கடித்துக் கால்விரல்களையும் கைவிரல்களில் பெரும்பாலானவற்றையும் இழந்த ஹெர்ஸாக், ஆஸ்பத்திரியில் படுத்தபடியே சொல்லச் சொல்ல எழுதப்பட்ட புத்தகம் அது. 1951-இல் வெளிவந்து உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்றது. விறுவிறுப்பு என்றால் அப்படி ஒரு விறுவிறுப்பு. கையிலெடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

ஆனால் அந்தப் புத்தகத்தின் முற்பகுதியை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அந்தப் பிரெஞ்சுக் கோஷ்டி ஏப்ரல் தொடங்கி மே மாதம் பாதி வரையில் மலையில் ஏறவே இல்லை. கையிலிருந்த வரைபடங்கள் தவறானவை. அவ்வளவு பெரிய மலையை எந்தப் பக்கமாக அணுகுவது என்றே தெரியாமல் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக நடந்து தேடினார்கள். என் கண்ணுக்கு அதுதான் அற்புதமான கதை. புத்தகத்தில் அது உச்சிக்குப் போகும் வழியில் கடந்து போகவேண்டிய வாசற்படியாகச் சுருங்கிவிடுகிறது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உச்சியை நெருங்கும்போது லாஷெனாலுக்குக் கால் மரத்துப்போயிற்று. தான் திரும்பிவிட்டால் என்ன செய்வாய் என்று ஹெர்ஸாகைக் கேட்கிறார். தனியாகவே மேலே போவேன் என்கிறார் ஹெர்ஸாக். அப்படியானால் நானும் வருகிறேன் என்று லாஷெனால் தொடர்கிறார். ஹெர்ஸாகின் புத்தகத்தில் இது இரண்டு வீரர்கள் ஒரே லட்சியத்தில் ஒன்றுபட்ட கட்டம். லாஷெனால் 1955-இல் பனிப்பிளவு ஒன்றில் விழுந்து இறந்தார். அவருடைய குறிப்புகள் மறு வருஷம் அச்சானபோது பல பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. முழு வடிவம் 1996-இல்தான் வெளிவந்தது. அதில் அவர் சொல்கிற காரணம் வேறு: தனியே விட்டால் நண்பர் உயிரோடு திரும்பமாட்டார் என்று பட்டதால் கூடப் போனாராம். தன் கால்களை விலையாகக் கொடுக்கும் அளவுக்கு அந்த மலை அவருக்குப் பெரிதாக இருக்கவில்லை. வெற்றிக் கதைக்கு இடைஞ்சலாக இருந்த ஓர் எளிய மனித உண்மை நாற்பது வருஷம் காத்துக்கிடக்க நேர்ந்தது. கதைப்போக்கு செய்கிற அநியாயத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த வீரக் கதையைத் தலைகீழாகக் கவிழ்த்தவர் எரிக் நியூபி. லண்டனில் பெண்கள் உடை வியாபாரத்தில் இருந்தவர். 1956-இல் அதை உதறிவிட்டு, வெளிநாட்டு இலாகாவில் வேலை பார்த்த நண்பர் ஹியூ கார்லஸுடன் ஆப்கானிஸ்தானத்தில் மீர் ஸமீர் என்ற மலையில் ஏறப் புறப்பட்டார். இருவருக்கும் மலையேறிப் பழக்கமில்லை. வேல்ஸில் சில நாள் பயிற்சி. அதிலும் தங்கியிருந்த விடுதியில் பரிமாறுகிற பெண்கள்தாம் பாறையில் ஏறக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு ஆப்கானியக் குதிரைக்காரர்களை அமர்த்திக்கொண்டு மலைக்குப் போய், பனிக்கட்டிச் சரிவில் கையேட்டைப் புரட்டிப் பார்த்து அடுத்த அடி எடுத்துவைத்தார்கள். உச்சிக்குச் சில நூறு அடி கீழே பொழுது போய்விட்டது, திரும்பிவிட்டார்கள்.

1958-இல் வெளியான 'ஹிந்து குஷ் மலையில் ஒரு சிறு நடை' என்ற அந்தப் புத்தகத்தைச் சிரிக்காமல் படிக்க முடியாது. வயிற்றுப்போக்கு, கால் கொப்புளம், குதிரைக்காரர்களோடு ஓயாத தகராறு, நூரிஸ்தான் கிராமங்களில் கண்ட முகங்கள் என்று நடையின் அன்றாட விஷயங்களுக்கு அதில் உரிய இடம் கிடைக்கிறது. கடைசிப் பக்கத்தில் பாலைவன யாத்திரிகரான வில்ஃப்ரெட் தெஸிகர் எதிர்ப்படுகிறார். நண்பர்கள் இருவரும் காற்றடைத்த மெத்தையை ஊதுவதைப் பார்த்து அவர் செய்கிற பரிகாசத்தோடு புத்தகம் முடிகிறது. தோல்வியை இவ்வளவு உல்லாசமாகச் சொன்ன பிரயாண நூல் குறைவு.

ஆனாலும் யோசித்துப் பார்த்தால் நியூபியின் புத்தகமும் உச்சிக்குக் கட்டுப்பட்டதுதான். ராஜா சிம்மாசனத்தில் இருந்தால்தான் விதூஷகனுக்கு வேலை. சிகரம் முக்கியம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பதால்தான் அதைத் தொடாமல் திரும்புவது சிரிப்பை உண்டாக்குகிறது. ஹெர்ஸாக் உச்சியைக் கும்பிடுகிறார். நியூபி அதைக் கிண்டல் செய்கிறார். இருவரும் அதைப் பார்த்தபடியே நடக்கிறார்கள். பார்வையையே வேறு திசையில் திருப்பிய ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன். நேன் ஷெப்பர்டு என்ற ஸ்காட்லாந்து அம்மையார் எழுதிய 'தி லிவிங் மவுண்டன்', அதாவது 'உயிருள்ள மலை', அந்தப் புத்தகம்.

அவருடைய மலை, கேர்ன்கார்ம் தொடர். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் இருக்கிறது. உயரத்தைப் பார்த்தால் அசட்டை செய்யத் தோன்றும். அதன் தலைச்சிகரமான பென் மக்டூயி 1,309 மீட்டர்தான். நம் உதகமண்டலத்துக் கடைத்தெருவே இதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆனால் இது நில உருண்டையில் வெகு வடக்கே இருக்கிற மலை. தனித்தனிக் கூம்புகளாக இல்லாமல், மேலே மைல் கணக்கில் விரிந்த ஒரே கல் மேடு. ஒதுங்க மரம் கிடையாது. எந்த மாதத்திலும் பனி பெய்யலாம். 1986 மார்ச் 20-ஆம் தேதி கேர்ன்கார்ம் உச்சியில் மணிக்கு 173 மைல் வேகத்தில் காற்று வீசியதாகக் கருவிகள் பதிவு செய்தன. மூடுபனி இறங்கினால் மேடு எங்கே முடிந்து பாதாளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இந்தத் தொடரை ஊடறுத்துப் போகும் லாரிக் க்ரூ கணவாய் வழியே மட்டும் நடப்பதானாலும் ஒரு முழு நாள் ஆகும். உள்ளே புகுந்து ஏரிகளையும் மடிப்புகளையும் பார்க்க விரும்பினால் பல நாட்களுக்கு வேண்டியதைச் சுமந்துதான் போகவேண்டும்.

இதே ஸ்காட்லாந்தில்தான் மலைகளை எண்ணிக்கையாக மாற்றும் வழக்கமும் பிறந்தது. 1891-இல் ஸர் ஹியூ மன்றோ என்பவர் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரங்களுக்கு ஒரு ஜாபிதா தயாரித்து வெளியிட்டார். அன்று முதல் அவற்றுக்கு 'மன்றோ' என்றே பெயர். அளவுகளைத் திருத்தித் திருத்தி இன்றைய கணக்கில் 282 இருக்கின்றன. 1901-இல் ஒரு பாதிரியார் ஜாபிதாவை முடித்ததாக அறிவித்தார். அவருக்குப் பின் ஆயிரக்கணக்கானவர்கள் ஒவ்வொன்றாக ஏறி அடையாளம் போட்டுக்கொண்டே வருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் ஜாபிதா போட்ட மன்றோ, சில சிகரங்கள் பாக்கியிருக்கும்போதே 1919-இல் காலமாகிவிட்டார். ஒரு பட்டியல் தன்னை எழுதியவரைக்கூட முடிக்கவிடவில்லை!

ஷெப்பர்டு 1893-இல் பிறந்தவர். அபர்டீன் நகரத்தை அடுத்த ஊரில், ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் ஒரே வீட்டில் குடியிருந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இலக்கியம் கற்பித்து 1956-இல் ஓய்வு பெற்றார். 1928-க்கும் 1933-க்கும் இடையில் மூன்று நாவல்களும், 1934-இல் ஒரு கவிதைத் தொகுதியும் வெளியிட்டார். அப்புறம் நெடுங்காலம் புத்தகமாக எதுவும் இல்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் மலைக்குப் போய்வந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி வருஷங்களில் இந்தச் சிறு நூலை எழுதி, நண்பரும் நாவலாசிரியருமான நீல் கன்னுக்கு அனுப்பினார். கன் அதை மனமாரப் பாராட்டினார். ஆனால் பிரசுரிப்பது கடினம் என்று எச்சரித்து, புகைப்படங்களும் ஒரு வரைபடமும் சேர்த்தால் அந்தப் பிரதேசம் தெரியாதவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று யோசனை சொன்னார். ஒரு பிரசுராலயம் மரியாதையாக மறுத்துத் திருப்பி அனுப்பியது. அம்மையார் கையெழுத்துப் பிரதியை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். முப்பது வருஷத்துக்குப் பிறகு, 1977-இல், அபர்டீன் பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. அப்போது அவருக்கு எண்பத்து நான்கு வயது.

நல்ல மனதுடன் சொல்லப்பட்ட கன்னின் யோசனையை நான் குறைகூற மாட்டேன். அவர் இடத்தில் எந்த நாவலாசிரியன் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பான். 'படிக்கிறவனுக்கு வழி தெரிய வேண்டாமா? எங்கே புறப்பட்டாய், எங்கே போய்ச் சேர்ந்தாய்?' என்றுதான் கேட்கத் தோன்றும். இந்தப் புத்தகம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கிறது. அதன் பெருமை அங்கேதான் இருக்கிறது.

அதன் அமைப்பைப் பாருங்கள். முதல் நாள், இரண்டாம் நாள் என்று கிடையாது. பன்னிரண்டு அத்தியாயங்கள். மலையின் மேடு, அதன் உள்மடிப்புகள், மலைக்கூட்டம், தண்ணீர், உறைபனியும் வெண்பனியும், காற்றும் ஒளியும், செடிகள், பறவையும் விலங்கும் பூச்சியும், மனிதர், தூக்கம், புலன்கள், கடைசியாக 'இருத்தல்'. எத்தனையோ வருஷங்களில், எத்தனையோ தடவை போன நடைகளெல்லாம் கலைந்து, ஒவ்வொரு பொருளின் கீழும் வந்து சேர்ந்திருக்கின்றன. டீ நதி இரண்டு இடத்தில் பிறக்கிறது. ஒன்று மேலே பிரேரியாக் மலையின் மொட்டைத்தலையில், ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில். மற்றொன்று கீழே கணவாயின் பாறைகளுக்கிடையில். எந்த நாளில் எதைப் பார்த்தார் என்று அவர் சொல்வதில்லை. தண்ணீர் என்றால் எல்லாத் தண்ணீரும் ஒரே அத்தியாயத்தில் ஓடுகிறது.

இளமையில் தாமும் உச்சிகளுக்காகவே போனதாக அவர் ஒப்புக்கொள்கிறார். உயரம் தருகிற கிளர்ச்சி வேண்டியிருந்தது. போகப் போக அது மாறிற்று. சிநேகிதர் வீட்டுக்குப் போவதுபோல், காரியம் ஒன்றும் இல்லாமல், கூட இருப்பதற்காகவே மலைக்குப் போகத் தொடங்கினார். மலைமேல் ஏறுவது நின்று, மலைக்குள் போவது ஆரம்பமாயிற்று. 'மேல்' என்ற உருபு போய் 'உள்' என்ற உருபு வந்ததுதான் இந்தப் புத்தகத்தில் நடக்கிற ஒரே சம்பவம் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

சம்பவம் இல்லாவிட்டால் சுவாரஸ்யம் எங்கிருந்து வரும் என்று வாசகர்கள் கேட்பது நியாயம். கதை எழுதுகிறவன் என்ற முறையில் நானும் அந்தக் கேள்வியோடுதான் படித்தேன். ஒரு கட்டத்தைச் சொல்கிறேன். கோடையில் ஒரு நாள், மலைகளுக்கு நடுவே ஆழத்தில் கிடக்கும் ஆவன் ஏரியில் அவரும் ஒரு தோழியும் இறங்கி நடக்கிறார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு. சிறிது தூரம் போனதும் அவர் கீழே பார்க்கிறார். காலடியில் தரை முடிந்துவிட்டது. ஏரியின் பாதாளம் கற்களும் வெளிச்சமுமாக அப்பட்டமாகத் தெரிகிறது. தோழியைச் சைகை காட்டி அழைக்கிறார். அவளும் வந்து பார்க்கிறாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், மறுபடியும் கீழே பார்க்கிறார்கள், கரைக்குத் திரும்புகிறார்கள். அவ்வளவுதான். யாரும் விழவில்லை, யாரும் யாரையும் காப்பாற்றவில்லை. தம்மைத் திகைக்கவைத்தது ஆபத்தின் பயம் அல்ல என்று அம்மையார் அழுத்திச் சொல்கிறார். தண்ணீருக்கு அடியில் இருந்ததை இடையில் எதுவுமின்றிப் பார்த்துவிட்டதே காரணம். இந்த ஒரு பக்கத்தில் இருக்கிற பதைப்பு, பனிச்சரிவும் கயிறறுதலும் நிறைந்த நூறு பக்கங்களில் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னோரிடத்தில் நடுக்குளிர்காலத்தில் ஓடைக்கு ஓடை அலைந்து, ஓடுகிற தண்ணீர் எப்படி உறைகிறது என்று பார்க்கிறார். ஓட்டத்துக்கும் உறைவுக்கும் நடக்கிற போராட்டத்தில் யார் ஜயிப்பார்கள் என்பதே அங்கே கதை. பூட்ஸைக் கழற்றிவிட்டு வெயில் காய்ந்த சேற்றிலும் பனி கோத்த புல்லிலும் வெறுங்காலோடு நடக்கிறார். குனிந்து கால்களுக்கிடையே தலையை விட்டு உலகத்தைத் தலைகீழாகப் பார்க்கிறார். அப்படிப் பார்த்தால் பழகிய மலையும் நம்மை நடுவில் வைத்துக்கொள்ளாமல் தனக்காகவே நிற்பது தெரியும் என்கிறார். மலையில் படுத்துத் தூங்காதவனுக்கு மலை தெரியாது என்பது அவருடைய கட்சி. விழித்தெழும் அந்தச் சில நொடிகளில், எங்கே இருக்கிறோம் என்ற நினைவு திரும்புவதற்கு முன், கண் பார்ப்பதை மனம் பெயரிட்டுக் கெடுத்துவிடுவதில்லையாம்.

இவற்றில் உபதேசத் தொனி கலந்திருந்தால் புத்தகம் தாங்கியிராது. அது கலக்கவில்லை. காரணம், ஷெப்பர்டு எப்போதும் பொருளோடு நிற்பவர். கல் சிவப்பா, நீலமா, எந்த நேரத்தில் எந்த நிறம்? பூர்ச்ச மரம் மணப்பதற்கு மழை வேண்டும், பைன் மரத்துக்கு வெயில் வேண்டும். இப்படி ஒவ்வொன்றையும் தொட்டும் முகர்ந்தும் தீர்த்துக்கொண்ட பிறகே ஒரு வாக்கியம் தத்துவத்தின் பக்கம் திரும்புகிறது. பௌத்தன் ஏன் மலைக்கு யாத்திரை போகிறான் என்பது தமக்குச் சற்றே புரிவதாகக் கடைசியில் அவர் சொல்லும்போது, அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது என்று நாம் ஒத்துக்கொள்கிறோம்.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன். முதல் ஆட்சேபம்: இது பத்திரமான இடத்தில் உட்கார்ந்து எழுதிய கவிதை, மலையின் கொடுமை இதில் இல்லை என்பது. புத்தகத்தைச் சரியாகப் படிக்காதவர்களே இப்படிச் சொல்ல முடியும். பனிப்புயலில் சிக்கி இறந்த இரண்டு வாலிபர்களைப் பற்றி அவர் எழுதுகிறார். கைகளாலும் முழங்கால்களாலும் அவர்கள் ஊர்ந்து வந்த அடையாளம் உடல்களில் இருந்தது. அவர்கள் தங்கியிருந்த பெரும்பாறையின் அடியில், நனையாத உறை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். வந்து தங்குகிறவர்கள் குறிப்பு எழுதிவைப்பது வழக்கம். அதில் அந்த வாலிபர்கள் உற்சாகமாக எழுதிவைத்துவிட்டுப் போன வரிகள் அப்படியே இருக்கின்றன. இதைச் சொல்லிவிட்டு அவர் அழவும் இல்லை, எச்சரிக்கவும் இல்லை.

இந்த இடத்தில் உச்சக்கட்டம் என்ற சங்கதி வெறும் இலக்கிய விவகாரமாக நின்றுவிடவில்லை. 1971 நவம்பரில் எடின்பரோவைச் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள் சிலர் இதே மேட்டில் நடக்கப் போனார்கள். மேட்டின் நடுவே இருந்த ஒரு சிறு குடிசையில் இரவு தங்குவதாகத் திட்டம். அங்கேயெல்லாம் பூட்டில்லாத, காவலில்லாத சிறு குடிசைகள் நடப்பவர்களுக்காக உண்டு. புயல் வந்தது. குடிசையை எட்ட முடியவில்லை. திறந்த வெளியிலேயே இரண்டு இரவுகள். ஐந்து மாணவர்களும் உதவிக்குச் சென்ற ஓர் இளம் பெண்ணும் இறந்துபோனார்கள். அதன்பின் நடந்த விவாதத்தில் ஒரு கேள்வி முன்னே வந்து நின்றது: அந்தக் குடிசைகள் உயிரைக் காக்கின்றனவா, அல்லது 'அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்' என்ற நம்பிக்கையைக் கொடுத்து ஆட்களை ஆபத்துக்குள் இழுக்கின்றனவா? முடிவில் அந்த மேட்டுக் குடிசைகளில் சிலவற்றை எடுத்தே விட்டார்கள்.

அந்தக் கேள்வியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இறந்தவர்கள்மீது குற்றம் சாட்டுவதற்காக அல்ல. புயலுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் வரைபடத்தில் குறிக்கப்பட்ட ஒரு புள்ளி மனிதனை எவ்வளவு பலமாக இழுக்கிறது! திரும்பிவிடுவது கதையைப் பாதியில் விடுவதுபோல் நமக்குப் படுகிறது. சிறு வயதிலிருந்து நாம் கேட்ட கதைகள் எல்லாம் போய்ச் சேர்ந்தவர்களின் கதைகள். வழியில் திரும்பி வந்து வீட்டில் சுகமாகச் சாப்பிட்டவனைப் பற்றி யாரும் நமக்குக் கதை சொல்லவில்லை. லாஷெனாலின் குறிப்பு வெட்டப்பட்டதும் இதே காரணத்தால்தான். கதை எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் என்னுடையது. ஷெப்பர்டின் மலையில் மனிதர் இருக்கிறார்கள்; குடியானவர்களையும் வேட்டைக்காட்டுக் காவலர்களையும் அன்போடு தீட்டியிருக்கிறார். இரவில் கதவைத் தட்டினால் திறந்து, அடுப்பை மூட்டி, பாலும் படுக்கையும் தருகிறவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பள்ளத்தாக்குகள் இவ்வளவு ஆளரவமற்றுக் கிடப்பது ஏன் என்று அவர் நின்று கேட்கவில்லை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குடிகளைப் பிரபுக்கள் நிலத்திலிருந்து அகற்றினார்கள். முதலில் ஆடு மேய்க்க. பிறகு மான் வேட்டையாட. இன்று நடப்பவன் அனுபவிக்கிற தனிமையில் ஒரு பகுதி இயற்கை தந்தது. ஒரு பகுதி துரத்தப்பட்டவர்கள் விட்டுச்சென்றது. நாவல்களில் மனிதர்களை அவ்வளவு கூர்மையாகப் பார்த்த ஒருவர் இதை விரித்து எழுதியிருந்தால் 'மனிதர்' அத்தியாயம் இன்னும் கனத்திருக்கும். குறை என்றால் இது ஒன்றுதான். சிறிய குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வழியையே இலக்கியமாக்கும் இந்தப் போக்கு தமிழ் வாசகர்களுக்கு முற்றிலும் புதிதல்ல. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் இருக்கிறதே! நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்லும் 583 அடிகள். அரசன் வாசல்தான் முடிவிடம் என்றாலும், புலவர் பெருங்கௌசிகனாருக்கு மனம் இருப்பது வழியில். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல் எந்தப் பக்கம் வரும், வழுக்குகிற பாறையில் எதைப் பிடிப்பது என்று ஒவ்வோர் அடியாகச் சொல்கிறார். மலையில் கேட்கும் ஓசைகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். பாட்டின் பெயரே அந்த ஓசையிலிருந்து வந்தது. காலில் தைக்கும்படி எழுதுவது எப்படி என்பதை அவரும் ஷெப்பர்டும் எங்கோ ஒரே பள்ளியில் படித்ததுபோல் இருக்கிறது.

1977-இல் எழுதிய முன்னுரையில் ஷெப்பர்டு, இடைப்பட்ட முப்பது வருஷத்தில் மலைப்பக்கம் வந்த மாறுதல்களைச் சொல்கிறார்: புதிய ஊர்கள், இயந்திரங்கள், பனிச்சறுக்குக் கூட்டம், விபத்துகள். மலையின் ஆயுளில் முப்பது வருஷம் ஒன்றுமில்லை என்றும் சொல்கிறார். 1981-இல் அவர் காலமானார். புதிய நூற்றாண்டில், ராபர்ட் மக்ஃபார்லேனின் முன்னுரையோடு வந்த மறுபதிப்பு அவருக்கு உலகமெங்கும் வாசகர்களைத் தேடித்தந்தது. 2016-இல் ஸ்காட்லாந்தின் ஒரு பெரிய வங்கி தன்னுடைய ஐந்து பவுன் நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. இழுப்பறையில் முப்பது வருஷம் கிடந்த புத்தகத்தின் ஆசிரியை இன்று ஜனங்களின் பைகளில் புழங்குகிறார்.

இந்த நூலை நாவலைப் படிப்பதுபோல் ஒரே மூச்சில் படித்துவிட முயல வேண்டாம். நூறு பக்கங்களுக்கு அதிகமில்லாததால் அந்தச் சபலம் உண்டாகும். இரவுக்கு ஓர் அத்தியாயம் போதும். தண்ணீரில் தொடங்கினாலும் சரி, தூக்கத்தில் தொடங்கினாலும் சரி. எங்கே நுழைந்தாலும் மலைக்குள்தான் இருப்பீர்கள்.

நீல் கன் கேட்ட வரைபடம் இல்லாமலேயே நான் இதைப் படித்தேன். அந்த மலையை நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப் போவதாகவும் இல்லை. ஆனால் ஆவன் ஏரியில் தரை எங்கே முடிகிறது என்பது என் காலுக்குத் தெரியும்.